ஆம்பியர் ஏறுவதை அறிந்தவருக்கு அதிகாரம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உள்ளாட்சிகளுக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும் என்று தங்கள் இதழில் வந்த தலையங்கத்தைப் படித்தேன். அதில் எனக்கு மாறுபாடு எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பேச்சு எப்போது எழுந்தாலும் பாகப்பிரிவினை வழக்குப் போலவே நடக்கிறது. மாநிலம் மத்திய அரசிடம் கேட்கிறது; ஊராட்சி மாநிலத்திடம் கேட்கிறது; யாருக்கு எவ்வளவு என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. நான் 33 ஆண்டுகள் தொலைத்தொடர்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நம் ஊர்ப் பேச்சில் மின்சாரமும் பவர்தான், அதிகாரியின் கையெழுத்தும் பவர்தான். எங்கள் துறையில் கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் இடையே போய்வரும் அலையின் வலுவும் பவர்தான். அந்த மூன்றாவது பவரைப் பங்கிடுவதே பல ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2018 மே மாதம். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல், தேர்ந்தெடுத்த தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர் நிர்வாகத்தில் ஊர் இருந்த காலம். எங்கள் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் தம்பி, பம்ப் அறைச் சுவரில் ஆணியடித்து ஒரு நாற்பது பக்க நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்பியர் மீட்டரில் முள் நின்ற இடம் எல்லாம் அதில் இருக்கும். எழுதச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை; அவராகவே எழுதினார். 8 ஆம்பியர் எடுக்க வேண்டிய மோட்டார் 9, பிறகு 10 என்று ஏறி, அந்த வாரம் 11-ஐத் தொட்டிருந்தது. அந்த எண்ணுக்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு. “ஐயா, பேரிங் தேய்ந்துவிட்டது. ஒரு வாரம்கூடத் தாங்காது” என்றார். ஊராட்சிச் செயலரிடம் சொன்னார். செயலர் ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதினார். ஆறாம் நாள் மோட்டாரின் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று, எரிந்தது.

பிறகு மதிப்பீடு போட வேண்டும், பொறியாளர் வந்து பார்க்க வேண்டும், அனுமதி வர வேண்டும். மோட்டாரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தூக்கி, காயில் கட்டி, மறுபடி இறக்க 19 நாள் ஆயிற்று. அந்த 19 நாளும் எங்கள் ஊர்ப் பெண்கள் ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்து பம்ப்செட்டில், மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து இரவு பதினொரு மணிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவரும் அந்த வரிசையில் நின்றதைப் பார்த்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை.

தனி அலுவலராக இருந்தவர் மீது நான் குறை சொல்ல மாட்டேன். அவர் சோம்பேறி அல்லர். கை நீட்டுபவரும் அல்லர். தமிழ்நாட்டின் 12,500-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளை ஒன்றியங்களால் வகுத்துப் பாருங்கள். ஓர் ஒன்றியத்துக்கு 32 வரும். முப்பது ஊர்களின் மோட்டாரும் தெருவிளக்கும் ஒரே மேசைக்கு வந்தால், எந்த ஊர் மோட்டாரின் முள் எங்கே நிற்கிறது என்று எவரால் பார்க்க முடியும்? எவ்வளவு நல்ல மனிதரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் இதுதான் நடக்கும்.

கம்பியில்லாத் தொடர்பில் எங்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. சிடிஎம்ஏ என்ற பழைய கைப்பேசி முறையில் எல்லாக் கைப்பேசிகளும் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் பேசும். கட்டடமும் மரமும் நிறைந்த இடத்தில் தூரம் 10 மடங்கானால், வந்து சேரும் அலையின் வலு ஏறக்குறைய 10,000 மடங்கு குறையும். எல்லோருக்கும் சமமான பவர் என்று நியாயம் பேசிக் கொடுத்துவிட்டால், கோபுரத்தின் காலடியில் நிற்பவரின் சத்தத்தில் தொலைதூரக் கிராமத்தார் அடியோடு மூழ்கிவிடுவார். அதனால் அருகில் இருப்பவர் குறைக்க வேண்டும், தூரத்தில் இருப்பவர் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பது நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஒரு லாரி குறுக்கே போனாலே மாறும். அதற்காகவே அந்த முறையில் கோபுரம் ஒவ்வொரு கைப்பேசிக்கும் நொடிக்கு 800 முறை ‘ஏற்று’, ‘இறக்கு’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த 3ஜி-யில் அது 1,500 முறை ஆனது.

ஆயிரக்கணக்கான கோபுரங்கள் உள்ள வலைப்பின்னலில் இதையெல்லாம் யார் கணக்குப் போடுவது? தலைமையிடத்தில் ஒரு பெரிய கணினியை வைத்து, எல்லா இணைப்புகளின் நிலவரத்தையும் அங்கே வரவழைத்து முடிவெடுக்கலாம். தாளில் அது சரியாகவே வரும். ஆனால் நிலவரம் போய்ச் சேர்ந்து உத்தரவு திரும்பி வருவதற்குள் லாரி கடந்து போயிருக்கும். 1993-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃபோஷினி, மில்யானிச் என்ற இருவர் ஒரு எளிய வழியைச் சொன்னார்கள். ஒவ்வோர் இணைப்பும் தன் நிலையை மட்டும் அளந்தால் போதும். வேண்டிய தரத்தில் பாதிதான் கிடைக்கிறதா, பவரை இரு மடங்காக்கு. இரு மடங்கு கிடைக்கிறதா, பாதியாக்கு. இதையே திரும்பத் திரும்பச் செய்தால், எட்டக்கூடிய இலக்குகளாக இருக்கும்வரை, எல்லாம் அறிந்த ஒரு மையம் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கக்கூடிய அதே பங்கீட்டில் வலைப்பின்னல் தானாக வந்து நிற்கும். அதுவும் ஆகக் குறைந்த பவரில். இதைக் கணிதமாகவே நிறுவிக் காட்டினார்கள். இளம் பொறியாளராக அந்தக் கட்டுரையை வாசித்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உச்சியில் எல்லாவற்றையும் அறிந்த ஒருவர் தேவையில்லை என்பதை அதுவரை நான் அரசியல் கருத்து என்றுதான் நினைத்திருந்தேன்.

மையத்துக்கு வேலையே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. இலக்கு என்ன, உச்சவரம்பு என்ன என்பதை மேலிருந்துதான் வைக்க வேண்டும். தாங்காத அளவுக்கு அழைப்புகள் வந்தால் புதிய அழைப்பைத் தடுக்க வேண்டியதும் கோபுரம்தான். இல்லாவிட்டால் எல்லோரும் முழு பவரில் கத்தி, ஒருவர் பேச்சும் கேட்காமல் போகும். ஆனால் அந்த வரம்புக்குள் எவ்வளவு என்று அந்தந்த நேரத்தில் முடிவெடுப்பது, அளவு தெரியும் இடத்தில்தான் இருக்க வேண்டும்.

அதே 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-இல்தான் பஞ்சாயத்துகளுக்கான 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பதினோராவது அட்டவணையில் 29 துறைகள். அதில் 11-ஆவது குடிநீர். ஆனால் 243ஜி பிரிவு, மாநிலச் சட்டமன்றம் இந்த அதிகாரங்களை ‘அளிக்கலாம்’ என்கிறதே தவிர ‘அளிக்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில் எல்லாம் தங்கிவிட்டது. 1994-இல் வந்த நம் ஊராட்சிகள் சட்டம், மாவட்ட ஆட்சியரை ஊராட்சிகளின் ஆய்வாளர் ஆக்கி, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவரைப் பதவி நீக்கும் அதிகாரத்தை 205-ஆவது பிரிவில் அவர் கையில் கொடுத்தது. பக்கத்திலிருக்கும் கேரளம் 1996-இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களையும் பள்ளிகளையும் அவற்றிடம் ஒப்படைத்தது. குறைகள் அங்கும் உண்டு. ஆனால் மாநிலம் சிதறிப் போய்விடவில்லை.

ஊராட்சியிடம் பணத்தைக் கொடுத்தால் தின்றுவிடுவார்கள் என்று படித்தவர்களே என்னிடம் சொல்கிறார்கள். சில தலைவர்கள் அப்படி இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அளவுக்கு மீறிக் கத்தும் கைப்பேசியை நாங்களும் பார்த்திருக்கிறோம். அதை மட்டும் கண்டுபிடித்து அடக்கினோம். அதற்காக மாவட்டத்திலுள்ள எல்லாக் கைப்பேசிகளின் பவரையும் பறித்துத் தலைமையகத்தில் வைக்கவில்லை. ஊராட்சியில் அந்தக் கண்காணிப்பைச் செய்ய வேண்டியது கிராமசபை. ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, தீர்மானம் போடுகிறது, தீர்மானம் மேலே போகிறது, பதில் வருவதில்லை. எங்கள் ஊரில் குடிநீர் பற்றி மூன்று கூட்டங்களில் ஒரே தீர்மானத்தை வரி மாறாமல் நிறைவேற்றியிருக்கிறோம்.

2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தபோது மறுபடியும் தனி அலுவலர்களையே நியமித்தார்கள். பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று 243இ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. 2016-இல் பட்டது போதாதா?

தங்கள் இதழ் வழியாக அரசிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. குடிநீர் மோட்டார், குழாய், தெருவிளக்கு ஆகியவற்றின் பழுதை, ஆண்டுக்கு இவ்வளவு என்ற உச்சவரம்புக்குள், முன் அனுமதி இல்லாமல் உடனே சரிசெய்யும் அதிகாரம் ஊர் அளவில் இருக்கட்டும். தலைவர் இல்லாத காலத்தில் ஊராட்சிச் செயலரும் கிராமசபை தேர்ந்தெடுக்கும் இருவரும் சேர்ந்து அதைச் செய்யட்டும். செலவுக் கணக்கை அந்த வாரமே ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போடட்டும். தணிக்கை பின்னால் வரட்டும். கிராமசபைத் தீர்மானத்துக்கு 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று சட்டத்திலேயே சேர்க்கட்டும்.

போன வாரம் பம்ப் அறைப் பக்கம் போயிருந்தேன். அதே தம்பிதான் இன்னும் தண்ணீர் ஏற்றுகிறார். நோட்டு மட்டும் புதியது. முள் 9-இல் நிற்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைத்தொடர்புப் பொறியாளர்,
புதுக்கோட்டை மாவட்டம்.