ஜெர்மனிக்குப் பார்சல் அனுப்புவோர் கவனத்துக்கு

வணக்கம். ஜெர்மனி வாடிக்கையாளர்களுக்கு ஆன்லைனில் நேரடியாகத் துண்டு, மேசை விரிப்பு விற்கும் உறுப்பினர்கள் வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்குள் இவற்றை முடித்துவிடுங்கள். அந்நாட்டின் பேக்கேஜிங் சட்டம் கேட்பது இது:

1. லூசிட் (LUCID) என்ற ஜெர்மனியின் பேக்கேஜிங் பதிவேட்டில் பதியுங்கள். கட்டணம் கிடையாது. ‘நான் பதிந்து தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். விற்பவரேதான் பதிய வேண்டும்.
2. அப்புறம், கழிவைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் ‘இரட்டை அமைப்பு’ நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம். காசு இதற்குத்தான்.
3. அட்டைப்பெட்டி, பாலித்தீன் கவர், டேப், உள்ளே திணிக்கும் காகிதம் எல்லாவற்றையும் எடை போட்டு, பொருள்வாரியாக எழுதுங்கள். லூசிட், இரட்டை அமைப்பு நிறுவனம் இரண்டு இடத்திலும் ஒரே கணக்கைக் காட்ட வேண்டும்.
4. பதிவு எண்ணை விற்பனைத் தளத்தில் ஏற்றுங்கள். 2022 ஜூலை முதல் அதைச் சரிபார்ப்பது தளங்களின் கடமை.

மாதம் இரண்டு பார்சல்தானே என்று விட்டுவிடாதீர்கள். சிறு விற்பனையாளருக்கு விலக்கே இல்லை. அபராதம் 2 லட்சம் யூரோ வரை போகலாம். அங்குள்ள இறக்குமதியாளருக்கு மொத்தமாக அனுப்புவோர், பொறுப்பு யாருடையது என்று அவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முடித்தவர்கள் ‘முடிந்தது’ என்றும், தடுமாறுபவர்கள் எந்த எண்ணில் சிக்கல் என்றும் இங்கேயே பதில் போடுங்கள்.