மறுபடி நாற்காலியில் உட்காரப் போகிறவளுக்கு

அன்புள்ள வாயாடிக்கு,

மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை என்று நீ திட்டியது நியாயம்தான். "காது கேட்காதவங்ககூட ‘என்ன?’ன்னு திருப்பிக் கேப்பாங்க, நீ அதுவும் இல்ல" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துச் சிரித்த பாவத்துக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மற்றது நேரில்.

இத்தனை வருஷம் கழித்து மறுபடி காதுக்கருவி பொருத்தப் பேஷண்ட் பார்க்கப் போகிறாய். ஸ்க்ரூ டிரைவர் சார் சொல்லிக் கொடுத்தது போதாதா என்று வேறு கேட்கிறாய். போதாதுடி. திருகுவதற்கு மிஷினில் இப்போது ஒன்றுமே இல்லை, எல்லாம் கம்ப்யூட்டரில். அதை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடுவாய். எதிரில் உட்காருகிற ஆள் மாறிவிட்டார், அதற்குத்தான் நாளாகும்.

உன் காலத்தில் யார் வந்தார்கள்? எழுபது தாண்டியவர். மகனோ மருமகளோ கூட்டிவருவார்கள். கேள்வியை அவரிடம் கேட்டால் பதில் மகனிடமிருந்து வரும். சட்டைப் பையில் வைக்கிற பாக்கெட் மாடலின் ஒயரைப் பார்த்ததும் முகம் சுருங்கும். "வெளிய தெரியாததா ஒண்ணு குடுங்க" என்பார். காதுக்குள்ளேயே மறைகிற சி.ஐ.சி.யைக் கொடுத்தால், நடுங்கும் விரலுக்கு 10ஆம் நம்பர் பேட்டரி பிடிபடாது. அந்தக் கருவிகளில் பலவும் மேஜை டிராயரில்தான் காது கேட்டுக்கொண்டிருந்தன. 1996இல் முழு டிஜிட்டல் வந்தபோதும் வந்த ஆள் அதே ஆள்தான்.

இப்போது ஐம்பது வயதுக்காரர் தனியாக வருகிறார். கீழ் அலைவரிசைகள் நன்றாகவே கேட்கும், 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே சரிவு. "கேக்குது, ஆனா புரியல" என்பார். கடை, படை, தடை மூன்றும் அவருக்கு ஒன்று. இவரை நாம் அன்றைக்குத் திருப்பி அனுப்பினோம், ஞாபகம் இருக்கிறதா? காதுக்கு அச்சு எடுத்துச் செய்த மூடியால் அடைத்தால் அவர் குரலே அவருக்குப் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் முழங்கும். 2003 வாக்கில் மெல்லிய குழாயும் ஓட்டை போட்ட சிலிக்கோன் டோமும் (காதுக்குள் நுழையும் குட்டிக் குடை) வந்தபிறகுதான் இவருக்குக் கொடுக்க நம்மிடம் ஒன்று இருந்தது. அதனால் ஆள் மாறினார் என்பது பாதி உண்மைதான். அவர் முன்பும் இருந்தார், நம்மிடம்தான் சரக்கு இல்லை.

அவருடைய முதல் கேள்வி "போனோட சேருமா?" 2014இல் ஐபோனோடு நேராகப் பேசும் கருவி வந்ததிலிருந்து இந்தக் கேள்விதான். சேரும் என்று சொல்லிவிட்டு நிறுத்தாதே. திறந்த டோமில் பாட்டு கேட்டால் பாஸ் முழுக்க வெளியே ஒழுகிவிடும், தகர டப்பா மாதிரி இருக்கும். மூடிய டோம் போட்டால் பாட்டு நிறையும், ஆனால் சொந்தக் குரல் பானைக்குள் போய்விடும். இரண்டையும் மாட்டிப் பேசவிட்டு அவரையே தேர்ந்தெடுக்கச் சொல். வீட்டுக்குப் போய்க் கண்டுபிடித்தால் பழி உன் தலையில்.

சிலர் ஏற்கெனவே ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு வருவார்கள். அமெரிக்காவில் 2022 அக்டோபரிலிருந்து லேசான, நடுத்தரக் குறைபாடுள்ள பெரியவர்கள் சீட்டு இல்லாமலே கடையில் கருவி வாங்கலாம். 2024 செப்டம்பரில் ஏர்பாட்ஸ் புரோ 2இன் காதுக்கருவி மென்பொருளுக்கும் அங்கே அனுமதி கிடைத்துவிட்டது. அவர்களைப் பார்த்து முகத்தைச் சுளிக்காதே, அந்தச் சுளிப்பு உனக்குக் கூடப்பிறந்தது. எந்த இடத்தில் கை கொடுத்தது, எங்கே விட்டுவிட்டது என்று கேள். பாதி கவுன்சலிங் அதிலேயே முடிந்துவிடும்.

போனில் எடுத்த ஆடியோகிராமையும், அதாவது காது கேட்கும் அளவின் வரைபடத்தையும், நீட்டுவார்கள். வாங்கிப் பார், ஆனால் அது மண்டை எலும்பு வழியாகச் சத்தம் கொடுத்துப் பார்க்கும் எலும்பு வழிச் சோதனை இல்லாத படம். குறும்பி அடைத்திருக்கிறதா, செவிப்பறையில் ஓட்டையா, நடுக்காதில் நீரா என்று அதற்குத் தெரியாது. காதுக்குள் விளக்கடித்துப் பார்க்கும் ஓட்டோஸ்கோப்தான் முதலில். ஒரு காது மட்டும் குறைவு, சீழ், தலைசுற்றல் என்றால் கருவிப் பேச்சையே எடுக்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பு. திடீரென்று, மூன்று நாளுக்குள் விழுந்த காது என்றால் அன்றைக்கே அனுப்பு. ஸ்டீராய்டு ஆரம்பிப்பது தள்ளிப்போகப்போக காது திரும்பும் வாய்ப்பு குறையும். "குறும்பியா இருக்கும், அடுத்த வாரம் பார்ப்போம்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு இன்னமும் வயிற்றைப் பிசைகிறது.

இன்னொரு புது வகை பயத்தில் வருகிறவர்கள். காது மந்தமானால் மறதி நோய் வரும் என்று எங்கேயோ படித்திருப்பார்கள். 2023இல் வெளிவந்த அச்சீவ் ஆய்வைத் தெரிந்து வைத்துக்கொள். 70 முதல் 84 வயதுக்குள் 977 பேர், மூன்று வருஷம். மொத்தமாகப் பார்த்தால் கருவி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் அறிவுத்திறன் சரிவில் வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே ஆபத்து கூடுதலாக இருந்த பிரிவில் மட்டும் சரிவு 48 சதவீதம் குறைந்தது. இந்த இரண்டு வரியையும் சேர்த்தே சொல். இரண்டாவதை மட்டும் சொல்லி விற்பவர்கள் பெருத்துவிட்டார்கள்.

அடுத்தது, போனிலிருந்தே கருவியைக் கூட்டிக் குறைக்கும் ஆப். "கிண்ணம் வெச்சாலே சுரீர்னுது" என்று மேல் அலைவரிசைகளை அவரே குறைத்துக்கொள்வார். பேச்சு புரிவதற்காக நாம் கூட்டியதே அதைத்தான். இரண்டு வாரம் கழித்து வந்து "புரியல" என்பார். உடனே கூட்டாதே. முதலில் கருவியின் பதிவைத் திற. நாள் முழுக்கப் போடுகிறேன் என்பவருக்கு இரண்டு மணி நேரம் காட்டும். பிறகு காதுக்குள்ளேயே அள. காதுக்குள் சத்தத்தை அளக்கும் மெல்லிய புரோப் குழாய் செவிப்பறைக்கு 5 மில்லிமீட்டருக்குள் போகவேண்டும். பேச்சை 55, 65, 75 டெசிபலில் விட்டு எவ்வளவு கூட்டவேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் என்.ஏ.எல். சூத்திரத்தின் இலக்கோடு ஒப்பிடு. கம்பெனி போட்டுக் கொடுக்கும் முதல் செட்டிங் மேல் அலைவரிசைகளில் இலக்கைத் தொடாமல் நிற்பதுதான் வழக்கம். புதியவருக்கு இலக்குக்குக் கொஞ்சம் கீழே ஆரம்பித்து, சில வாரங்களில் படிப்படியாக ஏற்று.

"ஓடல" என்று கொண்டுவந்தால் வரிசை இதுதான்: குறும்பித் தடுப்பை மாற்று, டோமைக் கழற்றிப் பார், மைக் துளையைத் துடை, சார்ஜர் முனைகளைத் துடை. பெரும்பாலும் முதல் படியிலேயே உயிர் வந்துவிடும். இப்போதைய ஆர்.ஐ.சி. வகைக் கருவியில் ஒலிபெருக்கியே காதுக் குழாய்க்குள் இருக்கிறது, வியர்வையும் குறும்பியும் நேராக அதன் மேல்தான்.

இவ்வளவும் புதியவர்களைப் பற்றி. என்னை அரிப்பது பழையவர்கள்.

முப்பது வருஷமாகப் பவர் கருவி போடுகிறவர்கள், கடுமையான குறைபாடு. பழைய அனலாக் கருவி எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் தூக்கிக் கொடுத்தது, அவர்களுடைய மூளை அந்தப் பலத்தோடு பழகிவிட்டது. புதுக் கருவி மெல்லியதைத் தூக்கி, பெரியதை அமுக்குகிறது. "சத்தம் பத்தல" என்பார்கள். அப்போது ‘நவீன கருவி இப்படித்தான்’ என்று வகுப்பெடுக்காதே. அமுக்கும் விகிதத்தைக் குறை, அமுக்கியதை விடும் நேரத்தை நீட்டு, உச்ச வரம்பு அனுமதிக்கும் அளவுக்குப் பலமான பேச்சுக்கும் கொடு. பிறகு மாதக் கணக்கில் மெல்ல மாற்று. போனின் காந்த அலையைப் பிடித்துக் கேட்கவைக்கும் டெலிகாயில் சுருளையே நம்பியிருப்பவரா என்று முதலில் கேட்டுக்கொள். சின்ன மாடல்கள் பலவற்றில் அது கிடையாது, வாங்கிப் போன பிறகு தெரிந்தால் அழுவார்கள்.

இரண்டில் நல்ல காதில் குறைபாட்டின் சராசரி 60 டெசிபலோ அதற்கு மேலோ, சொல்லைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் மதிப்பெண் 60 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால், அறுவை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்ட் மதிப்பீட்டுக்கு அனுப்பு. முதல் கருவி போட்ட காலத்தில் இவர்கள் அதற்கு ஆகமாட்டார்கள் என்று சொல்லியிருப்பார்கள். அதன்பிறகு வரம்பு தளர்ந்துவிட்டது, அதை யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. ஐம்பது வயதுக்காரர் வாரம் ஒரு புகார் அனுப்புகிறார். இவர்கள் "பரவால்ல" என்று தலையாட்டிவிட்டு எழுந்து போகிறார்கள். அந்தப் "பரவால்ல"வை மட்டும் நம்பாதே. வாயை மறைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டுப் பார்.

பேட்டரிக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள், ராத்திரி சார்ஜ் போட மறப்பவர்களுக்கு அதுவே தேவலை. ஸ்டிக்கரை உரித்ததும் மூடாமல் சில நிமிஷம் காற்றுப் படவிடச் சொல். ஸ்டிக்கர் நிறத்தைச் சொல்லிக் கொடுக்கும் முன் நீ ஒருமுறை பார்த்துக்கொள்: 312 பழுப்பு, 13 ஆரஞ்சு. இந்த முறையாவது.

உன்,
ஊமைக்கோட்டான்