எத்தனை பேர் என்று எழுது

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. அரூஷாவில் நானும் அம்மாவும் நலம். போனில் நீ "ம்", "சரிப்பா" என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் எழுத்தில். விஷயம் ஒன்றுதான். வரும் பிப்ரவரியில் நீங்கள் இங்கே தான்சானியாவுக்கு, செரங்கெட்டி காட்டு விலங்குகளைப் பார்க்க வர வேண்டும். போன வருடமும் இதே பேச்சு நடந்து, கட்டிய அட்வான்ஸ் போனதுதான் மிச்சம். அதை நான் சொல்லிக்காட்டவில்லை.

ஏன் பிப்ரவரி என்று கேட்பாய். செரங்கெட்டி என்றாலே வில்டபீஸ்ட், அதாவது மாடு மாதிரி இருக்கும் பெரிய மான், கூட்டமாக ஆற்றைத் தாண்டுவதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அது ஜூலையிலிருந்து அக்டோபர் வரை, வடக்கு மூலையில், மாரா ஆற்றில் நடப்பது. கூட்டம் கரைக்கு வரும், தண்ணீரைப் பார்த்துத் தயங்கும், திரும்பிப் போய்விடும். நாற்பது வண்டிகளோடு அரைநாள் வெயிலில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்புவது அங்கே சகஜம். பிப்ரவரியில் தெற்கே இண்டூட்டு சமவெளியில் அந்தக் கவலை இல்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் அங்கே குட்டி போட இறங்கியிருக்கும். பெரும்பாலான குட்டிகள் இரண்டு மூன்று வாரத்துக்குள் பிறந்துவிடும். உச்சத்தில் ஒரே நாளில் 8,000 வரை போகும். கிட்டத்தட்ட 5 லட்சம் குட்டிகள்.

அந்த இடத்தைத் தேடி அவை வருவதற்குக் காரணம் மண். பக்கத்து எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்த நிலம் அது, புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம். பால் கொடுக்கிற தாய்க்கு அதுதான் வேண்டும். சாம்பல் அடியில் பாளமாக இறுகிக் கிடப்பதால் மர வேர் இறங்காது. கண்ணுக்கு எட்டிய வரை குட்டைப்புல்தான், கழுதைப்புலி வருவது தூரத்திலேயே தெரியும். பிறந்த குட்டி ஐந்தாறு நிமிடத்தில் எழுந்து நின்றுவிடும். எல்லாம் ஒரே சமயத்தில் பிறப்பதும் காரணத்தோடுதான். சிங்கமும் சிவிங்கிப்புலியும் எவ்வளவு தின்றாலும் தின்று தீராது.

கூடவே வரிக்குதிரைகளும் இருக்கும். அவை முரட்டு மேல்தண்டைத் தின்னும், வில்டபீஸ்ட் அடியில் இருக்கும் இளம்புல்லைத் தின்னும். அதனால் ஒரே நிலத்தில் இரண்டும் சண்டையில்லாமல் மேய்கின்றன. நான் எதையும் மனதில் வைத்துக்கொண்டு இதை எழுதவில்லை.

மார்ச் கணக்கு முடிக்க வேண்டும் என்பாய். உன் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு கணக்கும் மூடாது என்று சித்தி சொன்னபோது அம்மாவுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. அதற்காகத்தான் தேதியை முன்னே வைத்திருக்கிறேன். பிப்ரவரி 8ஆம் தேதி கிளம்பினால் 18க்குள் நீ ஆபீஸில் இருப்பாய். மார்ச் கடைசியில் பெருமழை தொடங்கிவிடும். ஏப்ரலில் இண்டூட்டு கரிசல் மண்ணில் வண்டி அச்சு வரை புதையும், பல முகாம்கள் மூடிக்கிடக்கும். அதனால் தள்ளிப்போடுவதற்கு இடமில்லை.

வழியைச் சொல்கிறேன். கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் இறங்கி ஓர் இரவு இங்கே வீட்டில். மறுநாள் கராட்டு, தார்ச்சாலையில் மூன்று மணி நேரம்தான். தார்ச்சாலை இங்கோரோங்கோரோ வாயிலோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் எலும்பை உலுக்குகிற சரளை. இண்டூட்டுவில் மூன்று இரவு, செரங்கெட்டியின் நடுவில் செரொனேராவில் இரண்டு இரவு, திரும்பும்போது இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் ஓர் இரவு. இண்டூட்டுவை மூன்றுக்குக் குறைக்காதே. இங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் வரும் இண்டூட்டு நிலத்தில் அந்த சீசனில் வண்டியைத் தடத்தை விட்டு இறக்கலாம், வேட்டையாடும் சிவிங்கிப்புலி பின்னாலேயே மெதுவாகப் போகலாம். எல்லையைத் தாண்டி செரங்கெட்டிக்குள் அதையே செய்தால் அபராதம். தரங்கிரே பூங்காவை இந்தத் தடவை விட்டுவிடுவோம். அங்கே யானைகள் ஆற்றங்கரையில் திரள்வது வறண்ட மாதங்களில். பிப்ரவரியில் போனால் ட்செட்சே ஈயிடம் கடி வாங்கிக்கொண்டு வரலாம், அவ்வளவுதான். செரொனேராவுக்கு இரண்டு இரவு சிறுத்தைக்காக. ஆற்றோர மரக்கிளையில் படுத்திருக்கும், தொங்குகிற வாலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

செரங்கெட்டி அனுமதிச் சீட்டு 24 மணி நேரக் கணக்கு. காலை பத்து மணிக்கு நாபி வாயிலில் உள்ளே நுழைந்தால் வெளியே வருவதும் பத்துக்குள். அரை மணி தாமதமானாலும் இன்னொரு நாள் கட்டணம். டயர் வெடிப்பதும் அந்தக் கடைசி நேரத்தில்தான். வண்டிக்கு ஸ்டெப்னி இரண்டு இருக்கிறதா, ஹை-லிஃப்ட் ஜாக் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை, அதை என்னிடம் விட்டுவிடு.

எரிமலைப் பள்ளத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 600 மீட்டர் ஆழம், தரை மட்டும் 260 சதுர கிலோமீட்டர். கருங்காண்டாமிருகத்தைப் பார்க்க இந்தப் பக்கத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒட்டகச்சிவிங்கி மட்டும் உள்ளே இருக்காது, சுவர் அவ்வளவு செங்குத்து. காலை ஆறு மணிக்கு வாயில் திறந்ததும் முதல் ஆளாக இறங்க வேண்டும். எட்டு மணிக்கு இறங்குகிறவர்கள் முன்னால் போன வண்டியின் புழுதியைத்தான் பார்ப்பார்கள். விளிம்பு 2,300 மீட்டர் உயரம், ஊட்டிக் குளிர். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஸ்வெட்டர் இல்லாமல் வந்து நடுங்குகிறார்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள். மாப்பிள்ளைக்கும்.

இனி கணக்கு. நீ கணக்கு பார்க்கிறவள், உனக்குச் சீக்கிரம் புரியும். வண்டியும் டிரைவரும் டீசலும் நாள் வாடகை. ஒருவர் உட்கார்ந்தாலும் ஆறு பேர் உட்கார்ந்தாலும் அதே தொகை. பள்ளத்துக்குள் இறங்கும் கட்டணமும் வண்டிக்குத்தான், வரியோடு 295 டாலர். பூங்கா நுழைவு மட்டும் தலைக்கு இவ்வளவு என்று 24 மணிக்கொரு தடவை. செரங்கெட்டிக்கு வரியோடு 80 டாலருக்குக் கொஞ்சம் மேல், இங்கோரோங்கோரோவுக்கு 70 சொச்சம். வாயிலில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், அதை இங்கேயே கட்டிவிடுகிறேன். கூடார முகாமில் விலை, இரண்டு பேர் ஒரு கூடாரத்தில் தங்குவார்கள் என்ற கணக்கில் போட்டது. தனியாகத் தங்குகிறவர் அதற்கு மேல் கூடுதல் கட்ட வேண்டும். அதனால்தான் கேட்கிறேன், எத்தனை பேர், எத்தனை கூடாரம் என்று. கட்டணத்துக்காக மட்டும்தான். தீபாவளிக்கு நீ அனுப்பிய போட்டோவில் மாப்பிள்ளை இல்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். போட்டோ எடுத்தது அவராக இருக்கும் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை மறக்காதே. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுப் போ. ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் சான்றிதழ் செல்லும், அதனால் ஜனவரியிலேயே முடித்துவிடு. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். நைரோபி வழியாக வந்து அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் இங்கே சான்றிதழ் கேட்பார்கள். கென்யாவில் தங்கிவிட்டுத் திரும்பினால் சென்னையிலும் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியறையில் வைத்துவிடுவார்கள், உன் மார்ச் கணக்கெல்லாம் அங்கேயே. முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களும் கர்ப்பமாக இருப்பவர்களும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த வரியை எழுதச் சொன்னது அம்மா. மலேரியா மாத்திரையும் டாக்டரைக் கேட்டு வாங்கு. சிலவற்றை ஊர் திரும்பிய பிறகு ஒரு வாரம் சாப்பிட வேண்டும், சிலவற்றை நாலு வாரம். ஊர் வந்ததும் நிறுத்திவிட்டுப் பிறகு காய்ச்சலில் விழுகிறவர்கள் உண்டு.

விசாவை ஆன்லைனில் எடு, 50 டாலர். அரசாங்கத்தின் சொந்தத் தளத்தில் மட்டும். அதே மாதிரித் தோற்றத்தில் இரட்டிப்பாக வாங்குகிற தளங்கள் இருக்கின்றன. பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். டாலர் நோட்டு புதியதாக இருக்கட்டும். 2006க்கு முந்தியதை யாரும் தொட மாட்டார்கள், ஓரம் கிழிந்ததையும்தான். பிளாஸ்டிக் கவர் 2019இலிருந்தே இங்கே தடை, பெட்டிக்குள் துணியை அதில் சுற்றி வைக்காதே. ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

உடுப்பில் கறுப்பும் கருநீலமும் தவிர்த்துவிடு. ட்செட்சே ஈ அந்த நிறங்களைத் தேடித்தான் வரும், கொசு மருந்துக்கெல்லாம் அது அசையாது. காண்டாக்ட் லென்ஸைப் புழுதி படுத்தியெடுக்கும், கண்ணாடி போட்டுக்கொள். பைனாகுலர் 8 மடங்கு, 42 மில்லிமீட்டர். ஆளுக்கு ஒன்று. ஒன்றை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தால், கை மாறுகிற நேரத்தில் விலங்கு புல்லுக்குள் போய்விடும், வண்டிக்குள் சண்டை வருவது பெரும்பாலும் அதில்தான். கேமராவை வைக்க ஒரு துணிப்பை தைத்துக் காலியாகக் கொண்டுவா, இங்கே அரிசி போட்டு நிரப்பி ஜன்னலில் வைத்துக்கொள்ளலாம். ஓடுகிற வண்டியில் ஸ்டாண்ட் உதவாது.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. பீன்ஸ் குழம்பு, தேங்காய்ப்பால் சோறு, நம் தண்டுக்கீரை மாதிரியே ஒரு கீரை, சப்பாத்தி எல்லாம் கிடைக்கும். மதியப் பொட்டலத்தில் மட்டும் கேட்காமலே கோழி வைத்துவிடுவார்கள், முதல்நாள் இரவே சொல்லிவிட வேண்டும். பள்ளத்துக்குள் சாப்பிடும் இடத்தில் பருந்து கையிலிருந்தே பிடுங்கிப் போகும், வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிடு.

ஓல்டுவாய் பள்ளத்தாக்கு வழியில்தான், ஒரு மணி நேரம் போதும். 1959இல் மேரி லீக்கி ஆதிமனித மண்டையோட்டைக் கண்டெடுத்த இடம். சான்சிபாரை இந்தத் தடவை சேர்க்காதே. பத்து நாளில் கடலையும் திணித்தால் இரண்டுமே கெட்டுப்போகும்.

இண்டூட்டுவில் சிக்னல் வரும், போகும். போகிறதுதான் அதிகம். காலை ஆறிலிருந்து பத்து வரை, மாலை மூன்றரையிலிருந்து இருட்டும் வரை வண்டியில். சிவிங்கிப்புலி பகலில்தான் வேட்டையாடும், அதன் பக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த நேரம் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். யாரும் உன்னை எதுவும் கேட்க மாட்டார்கள். நானும்தான்.

முகாம்காரர் டிசம்பர் 5 வரை கூடாரத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். இரண்டு பேர் என்றால் ஒரு கூடாரம். இரண்டு கூடாரம் வேண்டுமென்றாலும் பக்கத்திலேயே இருக்கிறது. நீ மட்டும் என்றாலும் வண்டி கிளம்பும், அம்மாவும் நானும் கூட வருவோம். எது என்று ஒரு வரி போதும். காரணம் எழுத வேண்டியதில்லை.

அன்புடன்,
அப்பா

பி.கு. இதைப் படித்துவிட்டு அம்மா சேர்க்கச் சொன்னது: உளுந்து, பெருங்காயம், புளி எல்லாம் இங்கே குஜராத்திக் கடையில் கிடைக்கிறது, தூக்கிச் சுமக்காதே. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு மெத்தென்ற பையாகக் கொண்டுவா. திரும்பும்போது செரொனேராவிலிருந்து சிறு விமானத்தில் வர நேர்ந்தால் 15 கிலோதான், கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள். ஸ்வெட்டர் இரண்டு. ஊசி ஜனவரியில்.