வன்னி வெயிலும் தடித்த ஒயிலும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு வாகனப் பக்கத்தில், 'வன்னி வெயிலுக்கு எந்தக் காருக்கும் தடித்த 20டபிள்யூ-50 ஒயில்தான் பாதுகாப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் லீசிங்கில் டொயோட்டா அக்குவாவும் சுசுகி வாகன்ஆரும் எடுத்தவர்கள் உங்கள் பத்திரிகையை நம்பித்தான் கராஜுக்குப் போகிறார்கள். இது உங்களுக்குத் தெரியாததல்ல. பிறகு அந்த வரி எப்படி அச்சேறியது?

வெளியே 35 பாகை வெயில் அடித்தாலும், ஓடும் இஞ்சினின் தண்ணீரைத் தெர்மோஸ்டாட் 90 பாகையை ஒட்டித்தான் வைத்திருக்கும். ஒயில் பேரில் உள்ள இரண்டாவது இலக்கம் (20டபிள்யூ-50இல் 50) 100 பாகைச் சூட்டில் அதன் தடிப்பைக் குறிக்கிறது. முதல் இலக்கம் குளிரில் அது எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைக் குறிக்கிறது. மாங்குளத்தில் பனி கொட்டவில்லை என்பதற்காக மெல்லிய 0டபிள்யூ-20 ஒயில் பழுதாகிவிடாது.

அக்குவா போன்ற ஹைபிரிட்டில், அதாவது பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் காரில், இஞ்சின் ஓட்டத்தின் நடுவே நின்று நின்று ஸ்டார்ட் ஆகும். ஒவ்வொரு முறையும் ஒயில் உடனே மேலே ஏற வேண்டும். வால்வு நேரத்தை மாற்றும் பகுதியும் டைமிங் சங்கிலியை இறுக்கும் பகுதியும் ஒயில் அழுத்தத்தில்தான் இயங்குகின்றன. தடித்த ஒயில் அங்கே போய்ச் சேரப் பிந்தும். தேய்மானம் கூடும், பெற்றோலும் கூடக் குடிக்கும். நான்கு ஸ்ட்ரோக் ஓட்டோவுக்கும் பழைய காபரேற்றர் காருக்கும் 20டபிள்யூ-50 பொருந்தும். 'எந்தக் காருக்கும்' என்றதுதான் தவறு.

இது முதல் தடவையுமல்ல. உழவு இயந்திரத்துக்கு வாங்கிய டீசல் ஒயிலின் மிச்சத்தைக் காருக்கு விடலாம் என்று முன்பு எழுதினீர்கள். பெற்றோல் காருக்குப் பேணியில் 'எஸ்' என்று தொடங்கும் தர எழுத்து இருக்க வேண்டும். எஸ்என் அல்லது 2020இல் வந்த எஸ்பி போதும். டீசலுக்கு உள்ளது 'சி' வரிசை. ஒயில் கறுத்தாலே கெட்டுவிட்டது என்றும் எழுதினீர்கள். கரியைத் தன்னோடு எடுத்துச் செல்வது நல்ல ஒயிலின் வேலை. பால்தேத்தண்ணி நிறமானால்தான் தண்ணீர் கலந்திருக்கிறதென்று பயப்பட வேண்டும். அப்போதும் திருத்தம் எழுதி அனுப்பினோம், அது வரவில்லை. அதே பக்கத்தில் ஒயில் விளம்பரத்துக்கு அரைப் பக்கம் இருந்தது.

எவ்வளவு விட வேண்டும் என்பதை நீங்கள் எழுதியதே இல்லை. 2021க்கு முந்திய அக்குவாவுக்கு பில்டரோடு மாற்றினால் 3.7 லீற்றர், பில்டர் மாற்றாவிட்டால் 3.4. நான்கு லீற்றர் பேணியை முழுக்கக் கவிழ்த்தால் ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியின் மேல் கோட்டைத் தாண்டும். மிதமிஞ்சினால் இஞ்சினுக்குள் சுழலும் கிராங் தண்டு அடித்து ஒயில் நுரைக்கும், அழுத்தம் விழும். உள்வீதிக் கிரவல் தூசியில் ஓடும் வாகனத்துக்கு மாற்றும் இடைவெளியைக் குறைக்கச் சொல்லிக் கைநூல்களே சொல்கின்றன. நான் சொல்வது 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. காற்று பில்டரையும் அன்றே கழற்றிப் பாருங்கள்.

கேட்பது ஒன்றுதான். அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரி போடுங்கள்: 'கைநூலில் உள்ள இலக்கத்தைப் பார்த்து ஒயில் வாங்குங்கள். கைநூல் யப்பானிய மொழியில் இருந்தாலும் ஒயில் இலக்கம் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும்.'

இப்படிக்கு,
கார் திருத்துநர் ஒருவர்,
பரந்தன்