சேது கொடுத்த புதிர்

அன்புள்ள பாஸ்கர்,

கடிதம் போட்டு ரொம்ப நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். மாலதிக்கு மூட்டுவலி பரவாயில்லை. மாடி ஒழுகுவது மட்டும் நின்றபாடில்லை. உன் பேத்தி இதற்குள் நடக்க ஆரம்பித்திருப்பாள். அப்புறம், நீ இப்போதெல்லாம் குறுக்கெழுத்துக்கு விடையை போனில் தேடிப் பார்த்து நிரப்புகிறாயாமே? உன் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதை நேரில் விசாரித்துக்கொள்கிறேன்.

சேதுவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது ஒரு தாளை நீட்டினான். லண்டன் கார்டியன் பத்திரிகையில் 2013 ஜனவரியில் வந்த பழைய குறுக்கெழுத்துப் புதிர். அமைத்தவர் அராக்கேரியா என்ற புனைபெயர்க்காரர். “போட்டு முடிச்சிட்டு போன் பண்ணு” என்றான். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

நீ, கறாரான விதிகளுக்குப் பேர்போன பழைய புதிர்க்காரர் சிமெனீஸின் கட்சி. குறிப்பு என்றால் இலக்கணம் பிசகக் கூடாது, உபரியாக ஒரு சொல் இருக்கக் கூடாது என்று மெஸ்ஸில் தட்டு ஆறும்வரை வாதாடுவாய். சேதுவுக்கு அராக்கேரியாதான் தெய்வம். அந்த மனிதரின் நிஜப் பெயர் ஜான் கிரஹாம், ஆங்கிலிகன் திருச்சபைப் பாதிரியார், 1958லிருந்து கார்டியனுக்குப் புதிர் போட்டவர். அராக்கேரியா என்பது ஒரு மரம். இங்கிலாந்தில் அதை மங்கி பசில் என்பார்கள், சிலி பைன் என்றும் சொல்வதுண்டு. ஃபைனான்ஷியல் டைம்ஸில் அவர் சினிஃபைல் என்று கையெழுத்துப் போட்டது ஏன் என்று சேது ஒருநாள் கேட்டு நம்மைத் திணறடித்தானே, நினைவிருக்கிறதா? சிலி பைனின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் சினிஃபைல். அதைச் சொல்லிவிட்டு, தானே கண்டுபிடித்த மாதிரி சிரித்தான்.

சரி, புதிருக்கு வருகிறேன். கட்டத்துக்கு மேலே ஒரு வரி அச்சாகியிருந்தது. அராக்கேரியாவுக்கு 19இல் 18 வந்திருக்கிறது, அதற்கு 13, 15 நடக்கிறது என்று. எண்கள் இருக்கும் இடத்தில் அந்தந்தக் கட்டத்தின் விடையை வைத்துப் படிக்க வேண்டும். அவர் பெயரிலேயே விளையாடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலிருந்து கீழ் 18, ஆறெழுத்து. ‘சைன் ஆஃப் க்ரோத்’, அதாவது வளர்ச்சியின் அடையாளம், அவ்வளவுதான் குறிப்பு. தளிர், மொட்டு, வசந்தம் என்று மனசு எங்கெங்கோ போனது. அதற்குள் மற்ற இடங்களில் நர்ஸ் என்று வந்தது, ஸ்டென்ட் வந்தது, எண்டாஸ்கோப்பி வந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். சைன் என்றால் ராசி. கடக ராசிக்கு ஆங்கிலத்தில் கேன்சர் என்றுதான் பெயர். க்ரோத் என்றால் உடம்பில் வளர்கிற கட்டி. கேன்சர். 19 உணவுக்குழாய். 13, 15 சேர்ந்தால் பாலியேட்டிவ் கேர், வலியையும் வேதனையையும் தணிக்கிற பராமரிப்பு.

அப்போது அவருக்கு 91 வயது. அதே வருடம் நவம்பரில் போய்விட்டார். விதிகளை இஷ்டத்துக்கு வளைப்பவர் என்று நீ அவரைத் திட்டுவாய் அல்லவா? அந்த 18இல் ஒரு சொல்லைக் குறை சொல் பார்ப்போம்.

சேதுவுக்கு போன் செய்தேன். “புரிஞ்சுதா?” என்றான். “அவருக்கா, உனக்கா?” என்று கேட்டேன். “ரெண்டு பேருக்கும்தான். எனக்கு 19 கிடையாது, குடல்.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது பாஸ்கர். ஐம்பது வருஷப் பழக்கம், இதையா தாளில் கொடுத்து அனுப்புவது? ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. யோசிக்க யோசிக்கத்தான் அவன் செய்தது பிடிபட்டது. எதிரே உட்கார்த்தி வைத்துச் சொல்லியிருந்தால் என் முகம் போன போக்கை அவன் பார்த்திருக்க வேண்டும். பிறகு அவனே எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். பாதிரியாராக எத்தனையோ நோயாளிகளின் கட்டிலருகே உட்கார்ந்திருப்பார் கிரஹாம். சேதி ஒவ்வொரு எழுத்தாக, கேட்பவன் தாங்குகிற வேகத்தில் இறங்கட்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை ஆயிரம் பேர் அன்று காலை காபியும் கையுமாகத் தங்கள் கையாலேயே அதை எழுதியிருப்பார்கள்!

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம். சேதுவுக்கு வந்திருப்பது முற்றிய நிலை இல்லை. ஆபரேஷன், அப்புறம் கீமோ என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நம்பிக்கையாகத்தான் பேசுகிறார்களாம். அவனோ மகனிடம் இன்னும் சொல்லவில்லை. “அங்கே அவனுக்கு ஏகப்பட்ட டென்ஷன், எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்” என்கிறான். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அந்தப் பையன் வாழ்க்கையில் ஒரு குறுக்கெழுத்து போட்டதில்லை. அவனிடம் நேராகத்தான் சொல்ல வேண்டும், ஆபரேஷனுக்கு முன்பே சொல்ல வேண்டும். நான் இரண்டு தடவை எடுத்துச் சொன்னேன், பேச்சை மாற்றிவிட்டான். அவன் அம்மா இருந்தவரை அவருக்கு அடங்குவான். இப்போது அடங்குகிற ஒரே ஆள் நீதான்.

ஆபரேஷன் அடுத்த மாதம் முதல் வாரம். அதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ. காலை வண்டி பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே இருக்கலாம், மாலதி உனக்கு வத்தக்குழம்பு வைப்பாள். சேதுவிடம் போனதும் உடம்பைப் பற்றி ஆரம்பிக்காதே. சிமெனீஸில் ஆரம்பி, அவனே சண்டைக்கு வருவான். சாயங்காலத்துக்குள் மகனுக்கு போன் போட வைத்துவிடு. எந்த நாள் வருகிறாய் என்று இந்தக் கடிதம் கிடைத்த அன்றே சொல்.

உன்,
கணேசன்