டிக் போட்டா மட்டும் போதுமா? டெம்பரேச்சர் மானிட்டர் தானா ஸ்டார்ட் ஆகாதது பத்தி புகார்

பெறுநர்: கஸ்டமர் சப்போர்ட் டீம்

பொருள்: கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானா ஓடும்னு சொன்ன உங்க டெம்பரேச்சர் மானிட்டர் ஆப் (ப்ராசஸர் சூட்ட காட்டற ப்ரோகிராம்) பாதி நாள் ஓடாதது, ஓடினாலும் நடுவுல காணாமப் போறது

வணக்கம்,

இது நான் உங்களுக்கு அனுப்புற நாலாவது மெயில். முன்னாடி மூணுக்கும் பதில் வந்துச்சு, வரலன்னு சொல்லல, ஆனா மூணும் முடிஞ்சது "அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க"ங்கிற ஒரே பல்லவிலதான். அந்தப் பல்லவியே பிரச்சனைய வளக்குதுங்கிறத கீழ எழுதிருக்கேன், தயவுசெஞ்சு இந்தத் தடவ முழுசா படிங்க.

நான் காசு குடுத்து லைசென்ஸ் வாங்கினதே ஒரே ஒரு காரணத்துக்காக. என் லேப்டாப் பழசு, ஃபேன்ல தூசி அடைச்சுக்கும், ரெண்டர் (வீடியோ, 3டி படத்த கம்ப்யூட்டரே கணக்கு போட்டு உருவாக்கற கனமான வேலை) போட்டா சூடு ஏறும். உங்க செட்டிங்ஸ்ல "விண்டோஸ் ஸ்டார்ட் ஆகும்போது தானா ஓடவும்"னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கு, 90 டிகிரி தாண்டினா அலாரம் அடிக்கும்னு இன்னொரு ஆப்ஷன் இருக்கு, ரெண்டும் சேந்தாதான் எனக்கு பிரயோஜனம். தினமும் நானே ஞாபகம் வச்சு ஓபன் பண்ணனும்னா கீபோர்டுல கைய வச்சே சூடு பாத்துக்குவேன், அதுக்கு லைசென்ஸ் எதுக்கு?

டிக் போட்டேன். மொத ரெண்டு நாள் ஜோரா வந்துச்சு. மூணாவது நாள் கடிகாரத்துக்குப் பக்கத்துல வர்ற உங்க ஆப் ஐகானே இல்ல. சரி ஏதோ ஒரு தடவன்னு விட்டா அடுத்த நாள் வருது, அதுக்கடுத்த நாள் வரல, காலைல ஆன் பண்ணும்போது வந்துச்சா வரலையான்னு பாக்கறதே ஒரு வேலையாப் போச்சு. உங்களுக்கு எழுதினா "ஐகான் அம்புக்குறிக்குள்ள ஒளிஞ்சிருக்கும், அழுத்திப் பாருங்க"ன்னு பதில். அழுத்திப் பாத்துட்டுதான் சார் எழுதினேன், ஓடற ப்ரோகிராம் எல்லாத்தையும் காட்டற டாஸ்க் மேனேஜர்லயே உங்க ஆப் இல்ல.

ரெண்டாவது மெயிலுக்கு "ஸ்டார்ட்அப் ஃபோல்டர்ல ஷார்ட்கட் போடுங்க"ன்னு சொன்னீங்க, லாக் இன் ஆனதும் விண்டோஸ் தானா ஓட்டறதுக்கு ப்ரோகிராம் வைக்கற ஃபோல்டர் அது. இத எழுதினவர் உங்க ஆப்ப ஒரு தடவையாவது ஓபன் பண்ணிருக்காரான்னு எனக்கு சந்தேகம். ப்ராசஸரோட சூட்ட படிக்கணும்னா சிப்புக்குள்ள இருக்கற ரெஜிஸ்டர, அதாவது சூட்டு நம்பர் இருக்கற சின்ன இடத்த படிக்கணும், சாதாரண ப்ரோகிராமுக்கு அங்க அனுமதி கிடையாது, அதுக்கு ஒரு டிரைவர் (விண்டோஸுக்கு உள்ளேயே ஓடி ஹார்ட்வேர தொடற ப்ரோகிராம்) வேணும், டிரைவர் லோட் பண்ண அட்மின் உரிமை வேணும், அதனாலதான் உங்க ஆப்ப கையால ஓபன் பண்ணா ஒவ்வொரு தடவையும் விண்டோஸ் எஸ்/நோ கேக்குது. அப்படி அட்மின் கேக்கற ப்ரோகிராம ஸ்டார்ட்அப் ஃபோல்டர்ல போட்டா லாக் இன் ஆகும்போது விண்டோஸ் அத ஓரங்கட்டிரும், விஸ்டா காலத்துல யுஏசி (அந்த எஸ்/நோ கேக்கற பாதுகாப்பு) வந்ததுல இருந்தே அப்படித்தான். இது உங்க வேலை, என் வேலை இல்ல, ஆனா நான்தான் உங்களுக்கு சொல்ல வேண்டியிருக்கு.

அடுத்து ஆன்டிவைரஸ் மேல பழி. 2025 மார்ச்ல இந்த மாதிரி ஆப் நிறைய பயன்படுத்தற வின்ரிங்0ங்கிற டிரைவர விண்டோஸோட ஆன்டிவைரஸ் டிஃபெண்டர் புடிச்சு நிறைய டெம்பரேச்சர் ஆப், ஃபேன் கன்ட்ரோல் ஆப் எல்லாம் தடுமாறிச்சே, அது எனக்கும் தெரியும், அதனால நீங்க அப்படி சந்தேகப்பட்டது தப்பில்ல. என் டிஃபெண்டர் ஹிஸ்டரியப் பாத்தேன், ஒண்ணுமில்ல. அதோட டிரைவர மட்டும் தடுத்திருந்தா ஆப் ஓபன் ஆகி சூடு காட்டற இடம் காலியா இருக்கணும், இங்க ஆப்பே ஓபன் ஆகல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ப (கம்ப்யூட்டர சீக்கிரம் ஆன் ஆக வைக்கற விண்டோஸ் வசதி) ஆஃப் பண்ணச் சொன்னீங்க, அதையும் பண்ணேன், ஒரு மாத்தமும் இல்ல.

இப்ப உண்மையில என்ன ஆச்சுன்னு சொல்றேன். போன மாசம் ஒரு பெரிய ரெண்டர், திங்கக்கிழம காலைல 9:12க்கு லாக் இன் பண்ணேன், அன்னைக்கு உங்க ஆப் தானா வந்துச்சு, சந்தோஷமா ரெண்டர ஓட விட்டுட்டு சார்ஜர்லயே வச்சிட்டேன். வியாழக்கிழம சாயங்காலம் வந்து பாத்தா வேலை நத்தை மாதிரி நகருது, ஃபேன் கத்துது, கீபோர்டுல கை வைக்க முடியல. கையால ஆப்ப ஓபன் பண்ணா 98 டிகிரி. என் ப்ராசஸருக்கு லிமிட்டே 100. நல்லவேள, லிமிட்ட தொட்டா அதுவே ஸ்பீட கொறச்சு தன்ன காப்பாத்திக்கும், அதனால கருகல. ஆனா அலாரம்? அடிக்கல. எப்படி அடிக்கும், ஆள்தான் இல்லையே.

அப்பறம் உங்க ஆப்போட லாக் ஃபைல (அது ஓடினத நேரத்தோட எழுதி வைக்கற ஃபைல்) எடுத்துப் பாத்தேன். கடைசி வரி வியாழக்கிழம காலைல 9:12. திங்க 9:12, வியாழன் 9:12, கணக்கு போட்டா சரியா 72 மணி நேரம். க்ராஷ் ஆகறவன் இப்படி கடிகாரம் பாத்தா க்ராஷ் ஆவான்?

அப்பதான் எந்த ப்ரோகிராம் எப்ப ஓடணும்னு விண்டோஸ் குறிச்சு வைக்கற டாஸ்க் ஷெட்யூலர தொறந்தேன், முன்னாடியே தொறந்திருக்கணும், என் தப்புதான். அங்க உங்க ஆப் பேர்ல ஒரு டாஸ்க் இருக்கு, லாக் இன் ஆகும்போது ஓடணும்னு இருக்கு, ஹையஸ்ட் பிரிவிலேஜஸ், அதாவது அட்மின் உரிமையோட ஓடுங்கிற டிக்கும் இருக்கு, அது வரைக்கும் சரியாத்தான் பண்ணிருக்கீங்க, அதுக்கு மேல புது டாஸ்க்குக்கு விண்டோஸ் தானா போட்டு வைக்கற டிக் எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டீங்க. கண்டிஷன்ஸ் டேப்ல ஏசி பவர்ல (அதாவது சார்ஜர்ல) இருந்தா மட்டும் ஸ்டார்ட் பண்ணுன்னு ஒரு டிக், அதுக்குக் கீழயே பேட்டரிக்கு மாறினா நிறுத்துன்னு இன்னொண்ணு, செட்டிங்ஸ் டேப்ல 3 நாளுக்கு மேல ஓடினா நிறுத்துன்னு மூணாவது. இந்த மூணாவதுதான் அந்த 72 மணி நேரம்!

மொத மாசத்து மர்மமும் அங்கயே அவுந்துருச்சு. சார்ஜர் சொருகி ஆன் பண்ண நாள்ல ஐகான் வந்திருக்கு, பேட்டரில ஆன் பண்ண நாள்ல வரல. சோதிச்சும் பாத்தேன், ஆப் ஓடிட்டு இருக்கும்போது சார்ஜர புடுங்கினேன், ஐகான் போயே போச்சு, ஒரு மெசேஜ் கூட இல்ல. திரும்ப சொருகினா தானா வரவும் இல்ல. மடியில வச்சு, காத்து போற ஓட்டைய போர்வை அடைச்சு நிக்கற நேரம்தான் லேப்டாப் பேட்டரில இருக்கும், காவல் வேணுங்கற அந்த நேரத்துலதான் காவல்காரன அனுப்பிடறீங்க.

மூணு டிக்கையும் எடுத்தேன், லாக் இன் ஆனதும் 30 செகண்ட் கழிச்சு ஓடுன்னு ஒரு டிலே வச்சேன், அவசியமில்ல, ஆனா லாக் இன் நேரத்துல எல்லாம் முட்டி மோதிக்கறது எனக்குப் புடிக்கல. அதுக்கப்பறம் சார்ஜர புடுங்கினாலும் ஓடிச்சு, எட்டு நாள் விடாம ஓடிச்சு, நடுவுல ரெண்டு தடவ அலாரமும் அடிச்சு ஃபேன க்ளீன் பண்ண வச்சுது. ஆப் நல்ல ஆப்தான், அத நான் எப்பவும் மறுக்கல.

அப்படின்னா புகார் எதுக்குன்னு கேப்பீங்க. போன வாரம் உங்க அப்டேட் வந்துச்சு. போட்டேன். மறுநாள் பேட்டரில ஆன் பண்ணா ஐகான் இல்ல. உங்க இன்ஸ்டாலர் பழைய டாஸ்க்க அழிச்சிட்டு புதுசா ஒண்ணு போட்டிருக்கு, மூணு டிக்கும் பழையபடி உக்காந்திருக்கு, நான் வச்ச டிலேயும் போச்சு. செட்டிங்ஸ்ல அந்த டிக் பாக்ஸ ஒரு தடவ எடுத்துட்டு திரும்ப போட்டாலும் இதேதான் ஆகுது. இப்ப புரியுதா, நீங்க ஒவ்வொரு மெயில்லயும் ரீஇன்ஸ்டால் பண்ணச் சொன்னீங்களே, ஒவ்வொரு தடவையும் நான் கோளாற புதுசா போட்டுக்கிட்டேன்.

என்கிட்ட இன்னொரு பழைய மெஷின்ல லினக்ஸ் இருக்கு, அதுல எல்எம்-சென்சார்ஸ்னு சூடு படிக்கற இலவச ப்ரோகிராம் போட்டு, எந்த சென்சார் இருக்குன்னு தேடற சென்சார்ஸ்-டிடெக்ட் ஒரு தடவ ஓட்டி, கடைசில கேக்கற கேள்விக்கு எஸ் சொன்னேன், அதுக்கப்பறம் பூட் ஆகும்போதெல்லாம் தேவையான மாட்யூல் (லினக்ஸோட டிரைவர்) தானா லோட் ஆகுது. அங்கயும் தலைவலி இல்லாம இல்ல, ஒவ்வொரு சென்சாருக்கும் லினக்ஸ் குடுக்கற ஹெச்டபிள்யூமான் நம்பர் பூட்டுக்கு பூட்டு மாறும், நம்பர நம்பி ஸ்க்ரிப்ட் எழுதினா அடி வாங்கணும். ஆனா அது இலவசம், யாரும் எனக்கு டிக் பாக்ஸ் காட்டி காசு வாங்கல.

எனக்கு வேண்டியது இதுதான். அடுத்த வெர்ஷன்ல டாஸ்க் உருவாக்கும்போதே அந்த மூணையும் எடுத்துட்டு உருவாக்குங்க. யூசர் கையால மாத்தின டாஸ்க்க அப்டேட்ல தொடாதீங்க. மானிட்டர் நிக்கற நிலைமை வந்தா, அடுத்த தடவ ஓபன் ஆகும்போதாவது "நடுவுல இத்தன மணி நேரம் நான் ஓடல"ன்னு சொல்லட்டும், லாக்ல இருந்தே கணக்கு போட்டுக்கலாம், பெரிய வேலை இல்ல. அது வரைக்கும் உங்க ஹெல்ப் பக்கத்துல இத எழுதி வைங்க, லேப்டாப் வச்சிருக்கற எல்லாருக்கும் இதேதான் நடந்துட்டு இருக்கும், பாவம் அவங்க ஐகான் அம்புக்குறிக்குள்ள இருக்குன்னு நம்பிட்டு இருப்பாங்க. அப்பறம் ஓடாத மாசங்களுக்கு என் லைசென்ஸ நீட்டிக் குடுங்க, காச திரும்பக் கேக்கல.

அப்டேட்டுக்கு முன்னாடி நான் எக்ஸ்போர்ட் பண்ணி வச்ச டாஸ்க் ஃபைல் ஒண்ணு, அப்டேட்டுக்கு அப்பறம் எடுத்தது ஒண்ணு, ரெண்டையும் லாக் ஃபைலோட சேத்து அனுப்பிருக்கேன். பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, அந்த டிலேய விட்டுட்டா மூணே மூணு வரிதான் வித்தியாசம். உங்க டெவலப்பர்கிட்ட நேரா குடுத்துருங்க, சப்போர்ட் டீம்லயே நிக்க வேணாம்.

இப்படிக்கு,
நாலாவது தடவையா எழுதுற உங்க கஸ்டமர்