தண்ணீர் வராததற்கு அல்ல, கேசிங் இறக்காததற்குத்தான் இந்தப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: புதிய போர்வெல்லில் குறைத்து இறக்கிய கேசிங், சேற்றில் புதைந்து எரிந்த மோட்டார், மூடாமல் விட்ட பழைய போர்

ஐயா,

வணக்கம். பதினான்கு முறை போன் செய்து, மூன்று முறை நேரில் வந்து, இரண்டு முறை உங்கள் ஆட்களுக்காக வேலைக்கு விடுப்பு எடுத்துக் காத்திருந்து, அதன் பிறகுதான் இதை எழுதுகிறேன். இனி போனில் பேச எனக்குத் தெம்பு இல்லை.

எங்கள் வீட்டின் பழைய போரில், மண் சரியாமல் தாங்கும் கேசிங் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, தண்ணீர் செம்மண் குழம்பாக வர ஆரம்பித்ததால் புதிதாகப் போட உங்களிடம் வந்தோம். பாறை வரை கேசிங், ஊற்று அளவு, அதாவது எவ்வளவு தண்ணீர் ஊறுகிறது என்று பார்த்துத் தருவது, மோட்டார் இறக்குவது, பழைய போரை நிரப்பி மூடுவது என நான்கும் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. நகல் உங்களிடமும் இருக்கும். எடுத்துப் படியுங்கள்.

போர் 320 அடி ஓடியது. 55 அடியில் பாறை தட்டியது என்று துளை போடும் ரிக் வண்டியில் இருந்த பையனே என்னிடம் சொன்னான். 20 அடி நீளத்தில் நான்கு கேசிங் பைப் வண்டியிலிருந்து இறங்கின. உள்ளே போனது இரண்டுதான். மீதி இரண்டும் திரும்ப வண்டியிலேயே ஏறின. நான் வாசலில் நின்று பார்த்தேன். கேட்டபோது, "இதுக்கு மேல மண்ணு கெட்டியா இருக்கு, தேவையில்ல" என்றார் உங்கள் சூப்பர்வைசர். 40 அடிக்கும் 55 அடிக்கும் நடுவில் இருக்கும் 15 அடி மண்ணை எது தாங்கும்? இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? உங்கள் தொழிலே அதுதானே.

மோட்டார் இறக்கிய 23ஆம் நாள் எரிந்தது. வோல்டேஜ் குறைபாடு என்றார்கள். அதே லைனில் வீட்டில் மற்ற எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. எரிவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீர் கலங்கி வந்தது. வாளியின் அடியில் ஒரு விரல் கனத்துக்கு மணல் தங்கியது. முதலில் 40 நொடியில் நிறைந்த 20 லிட்டர் வாளி, பிறகு மூன்று நிமிடம் பிடித்தது. அன்றைக்கே போன் செய்து சொன்னேன். "புது போர்னா அப்படித்தான் இருக்கும், ஓட ஓடத் தெளிஞ்சிரும்" என்றார்கள். அதை நம்பி ஓட்டினேன். நம்பியதுதான் நான் செய்த தவறு.

அப்புறம் அந்தப் பயணம். எரிந்த மோட்டாரைத் தூக்க ஆள் அனுப்பச் சொல்லி ஒன்பது நாள் கெஞ்சினேன். கடைசியில் உங்கள் ஆபீசிலிருந்தே, "ஆள் இல்ல, நீங்களே தூக்கி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வாங்க" என்றார்கள். நான்கு பேரைக் கூலிக்கு அமர்த்தினேன். மோட்டார் சேற்றில் சிக்கியிருந்ததால் நான்கு மணி நேரம் பிடித்தது. அதை ஆட்டோவில் ஏற்றி, 60 கிலோமீட்டர் வந்து, மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். கவுண்டரில் இருந்தவர் மோட்டாரை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. "வெளி ஆள் தூக்கியிருக்காங்க, வாரண்டி கிடையாது" என்றார். தூக்கச் சொன்னதே உங்கள் ஆபீஸ்தான் என்றேன். "யார் சொன்னா, பேர் சொல்லுங்க" என்றார். உங்கள் ஆட்கள் போனில் பெயர் சொல்வதே இல்லையே, நான் எங்கே போய்ப் பெயர் கண்டுபிடிக்க? அந்த மோட்டாரை அப்படியே திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து என் இடுப்பு என்னுடையதாக இல்லை.

ஆனால் அதைவிட என்னை உறங்கவிடாமல் செய்வது மறுநாள் போனில் பேசிய நபர். கேசிங் குறைவு என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "ஏம்மா, சும்மா சும்மா போன் பண்றீங்க? பூமிக்குள்ள இருக்கறதுக்கெல்லாம் நாங்க கேரண்டி தர முடியாது. நம்பிக்கை இல்லன்னா நீங்களே போருக்குள்ள இறங்கிப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். போருக்குள் இறங்கிப் பாருங்கள் என்று. ஆறரை அங்குலப் போருக்குள். என் பேரன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்த அழைப்பு உங்கள் பதிவில் இருக்கும். தயவுசெய்து ஒருமுறை நீங்களே கேளுங்கள்.

சரி, பார்த்தேன். நண்பகலில் ஒரு கண்ணாடியைப் பிடித்து வெயிலை உள்ளே திருப்பினேன். கேசிங் எங்கே முடிகிறது என்பது பளிச்சென்று தெரிகிறது. அதற்குக் கீழே பாறை இல்லை, மண். பொத்தலும் பொந்துமாக அரித்து, கேசிங்குக்கு வெளியிலிருந்து தண்ணீர் ஒழுகி அந்த மண்ணில் இறங்குகிறது. கேசிங்கைச் சுற்றியுள்ள இடைவெளியில் சிமெண்ட் கலவை ஒரு கரண்டிகூட ஊற்றவில்லை என்பது அதிலேயே தெரிகிறது. அடுத்து கயிற்றில் கல் கட்டி இறக்கினோம். 285 அடியிலேயே கல் உட்கார்ந்துவிட்டது. 35 அடிக்குச் சேறு! உங்கள் ஆட்கள் மோட்டாரை இறக்கியது 300 அடியில். சுற்றிலும் தண்ணீர் ஓடினால்தானே மோட்டார் குளிரும்? சேற்றுக்குள் புதைந்தால் எரியாமல் என்ன செய்யும்?

எத்தனை அடியில் ஊற்று கிடைக்கும் என்பது இயற்கையின் கையில் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். தண்ணீரே இல்லை என்றிருந்தால் விதி என்று விட்டிருப்பேன். கேசிங் இயற்கையின் கையில் இல்லை, உங்கள் வண்டியில் இருந்தது.

ஊற்று அளவும் பார்க்கவில்லை. கம்ப்ரசர் போட்டு அரை மணி நேரம் காற்று அடித்து, தண்ணீர் தெளிவதற்கு முன்பே நிறுத்திவிட்டு, கண்ணால் பார்த்து "ரெண்டு இஞ்ச் தண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மோட்டாரை ஓட்டி நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தினால் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று யாரும் குறிக்கவில்லை. கேசிங்கைத் தரையோடு தரையாக அறுத்துவிட்டார்கள். ஒரு அடியாவது மேலே நிற்க வேண்டாமா? செப்டிக் டேங்கிலிருந்து 50 அடியாவது தள்ளிப் போடுங்கள் என்று முதல் நாளே கேட்டேன். ரிக் வண்டி திரும்ப வசதியாக இருக்கிறது என்று 25 அடியில் போட்டார்கள். மழை பெய்ததும் தண்ணீரில் நாற்றம். பரிசோதனைக்குக் கொடுத்தோம், கோலிஃபார்ம் கிருமி இருக்கிறது என்று அறிக்கை வந்திருக்கிறது. அந்தத் தண்ணீரை என் வீட்டுக் குழந்தைகள் குடித்திருக்கிறார்கள். இதற்கு யார் பதில் சொல்வது?

பழைய போரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதன் வாயில் ஒரு சாக்கைப் போட்டு, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று மாதமாக அதே நிலைதான். பேரன் முற்றத்தில் விளையாடினால் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. திறந்து கிடக்கும் போர் அழுக்குத் தண்ணீரை நேராக ஊற்றுக்கே கொண்டுபோகும் குழாய் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. புதிய போரின் தண்ணீரும் அதே ஊற்றிலிருந்துதான் வருகிறது.

இருபது வருடச் சேமிப்பு மண்ணுக்குள் போய்விட்டது. தோட்டத்தில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. வீட்டில் நிம்மதி என்பதே இல்லாமல் போனது. உங்கள் ஊழியர்கள் எல்லோரும் மோசம் என்று சொல்ல மாட்டேன், ரிக் வண்டிப் பையன்கள் இரவெல்லாம் உழைத்தார்கள். பாறையின் ஆழத்தை உண்மையாகச் சொன்னதும் அவர்களில் ஒருவன்தான். அவன் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்காதீர்கள்.

உங்களிடம் நான் தயவாகக் கேட்பது இவை. முதலில், இந்த வாரமே பழைய போரை அடியிலிருந்து மேல்வரை முறையாக நிரப்பி, சிமெண்ட் போட்டு அடையுங்கள். மற்றது எதற்கும் காத்திருக்கலாம், இதற்குக் காத்திருக்க முடியாது. பிறகு கேமரா இறக்கி, என் முன்னால் புதிய போரைப் பாருங்கள். சிறிய கேசிங்கை உள்ளே பாறை வரை இறக்கி, சுற்றிலும் அடைத்துச் சரிசெய்ய முடியும் என்றால் செய்யுங்கள். முடியாது என்றால் செப்டிக் டேங்கிலிருந்து தள்ளி வேறு போர் போட்டுத் தர வேண்டும், உங்கள் செலவில். மோட்டாருக்கு மாற்று மோட்டார். குளோரின் போட்டுக் கழுவி, ஊற்று அளவை எழுத்தில் தாருங்கள்.

பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். ஒப்பந்தம், பரிசோதனை அறிக்கை, கேசிங் பைப்புகள் வண்டியில் திரும்ப ஏறும் போட்டோ, ஆட்டோ ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அந்த நிலைக்கு என்னைத் தள்ளிவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆய்வுக்கு வருபவர்களோடு, என்னைப் போருக்குள் இறங்கிப் பார்க்கச் சொன்ன அந்த நபரையும் அனுப்புங்கள். கண்ணாடியை நானே பிடிக்கிறேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே இருப்பது பாறையா மண்ணா என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்